பாருஸ் கற்பூரம்: சுமத்ராக் காட்டிலிருந்து கஃபன் துணி வரை

நமது பள்ளிவாசலில் சந்தூக்கு வைக்கப்பட்டிருக்கும் அறையின் ஓரத்தில் பழைய மர அலமாரி ஒன்று இருப்பதை அனைவரும் அறிவோம். கஃபன் துணி, பஞ்சு, இலந்தை இலைத் தூள், அத்தர், சாம்பிராணி ஆகியவற்றோடு ஒரு கற்பூரப் பொட்டலமும் அதில் எப்போதும் இருக்கும். ஆண்டறிக்கையின் செலவுப் பகுதியில் ‘ஜனாஸாப் பொருள்கள்’ என்ற ஒரே வரிக்குள் அது அடங்கிவிடும். மோதினார் அதை எடுத்துக் கொடுப்பார். மையித்தைக் குளிப்பாட்டுவோர் வாங்கிக்கொள்வர். காரியம் முடிந்ததும் மீதம் அலமாரிக்குத் திரும்பும். அந்தப் பொட்டலத்தில் இருப்பது எங்கே விளைந்தது, எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. இக்கட்டுரையை எழுதத் தொடங்கும் வரை யானும் கேட்டதில்லை.

கேட்டுப் பார்த்தபோது ஒரு மரம் கிடைத்தது. அந்த மரத்தின் நிழலில் அரபு வணிகர் நின்றிருந்தனர்; சீனர் நின்றிருந்தனர்; தமிழ் பேசிய வணிகரும் கல்வெட்டு நாட்டிவிட்டு நின்றிருந்தனர். ஆகவே இது மரத்தின் வரலாறாக இருப்பதோடு நம் வரலாறாகவும் ஓரளவு இருக்கிறது.

மரமும் அதன் இயல்பும்

கற்பூரம் என்ற பெயரில் உலகம் இரு வேறு மரங்களின் பொருளைப் பயன்படுத்தி வந்துள்ளது. ஒன்று சீனம், ஜப்பான், தைவான் ஆகிய நாடுகளில் வளர்வது. இலவங்கப்பட்டை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன் கட்டையைச் சிறு சிறு துண்டுகளாகச் சீவி, நீராவியில் வடித்துக் கற்பூரம் எடுப்பர். மற்றொன்று சுமத்ரா, மலாய்த் தீபகற்பம், போர்னியோ ஆகிய மழைக்காடுகளுக்கே உரிய மரம். தாவரவியலார் இதனை டிரையோபலனாப்ஸ் என்பர். மலாய் மக்கள் ‘காப்பூர்’ என்பர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக் குங்கிலியம் தரும் மரமும் இம்மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காப்பூர் மரம் 60 மீட்டருக்கும் மேலாக ஓங்கி வளரும். காட்டின் மற்ற மரங்களெல்லாம் ஒரு கூரைபோல் பரந்திருக்க, அக்கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே தலை நீட்டி நிற்கும். காய்க்கு ஐந்து சிறகுகள் உண்டு. இலையைக் கசக்கினால் கற்பூர வாடை வீசும்.

சீன மரத்துக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. காப்பூர் மரத்தில் கற்பூரத்தை வடித்தெடுக்க வேண்டியதில்லை. முதிர்ந்த மரத்தின் நடுத்தண்டில் உள்ள வெடிப்புகளிலும் பொந்துகளிலும் அது தானாகவே வெண்ணிறப் படிகமாக உறைந்து கிடக்கும். அதனைச் சுரண்டி எடுத்தால் போதும். ஆனால் எந்த மரத்தில் இருக்கும், எதில் இராது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. பல மரங்களில் ஒன்றுமே இராது. இருக்கிறதா என்று அறிய மரத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும்; இருந்தால் எடுப்பதற்கு மரத்தையே வீழ்த்திப் பிளக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற மரம் சில கைப்பிடிப் படிகத்துக்காக வீழும். இப்பொருளின் விலை பொன் விலையாக இருந்ததற்கும், மரம் அருகிப்போனதற்கும் தொடக்கம் இதுவே.

வேதியியலார் இப்படிகத்தைப் ‘போர்னியால்’ என்று அழைக்கின்றனர். சீன மரத்துக் கற்பூரத்துக்கு மிக நெருங்கிய பொருளாயினும் முற்றிலும் ஒன்றல்ல. சாதாரணக் கற்பூரம் தண்ணீரில் மிதக்கும். காப்பூர் மரத்தின் படிகம் அமிழும். சாதாரணக் கற்பூரத்தைத் திறந்து வைத்தால் விரைவில் காற்றோடு கரைந்துவிடும். இதுவோ மெதுவாகவே கரையும். சீனர்கள் இதற்கு ‘டிராகனின் மூளை’ என்று பொருள்படும் பெயரிட்டு, தம் நாட்டுக் கற்பூரத்தை விடப் பன்மடங்கு விலை கொடுத்து மருந்துக்காக வாங்கினர். தமக்கென்று கற்பூர மரம் வைத்திருந்தவர்களே கடல் கடந்து இதை வாங்கினார்கள் என்றால் அதன் மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மரத்தின் பயன் படிகத்தோடு நிற்கவில்லை. தண்டில் வெட்டு வைத்தால் கசியும் எண்ணெயை மூட்டு வலிக்குத் தேய்த்தனர். கட்டை உறுதியானது, வீடு கட்டவும் படகு செய்யவும் உதவியது. படிகமோ உணவுக்கும் மருந்துக்கும் வாசனைக்கும் ஆயிற்று. நம் தமிழ் நூலுரைகளில் வெற்றிலையோடு சேரும் பஞ்சவாசம் என்று கூறப்படும் ஐந்து நறுமணப் பொருள்களுள் கற்பூரமும் ஒன்று. சுமத்ராவின் பத்தாக் மக்களிடையே கற்பூரத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. தலைவர் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கான ஏற்பாடுகள் முடியும் வரை அவரது உடல் கெடாதிருக்கக் கற்பூரம் இட்டு வைத்தனர் என்று பழைய பயணிகள் எழுதி வைத்துள்ளனர். மரணத்தோடு இப்பொருளுக்குள்ள தொடர்பு அது விளைந்த மண்ணிலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அரபு நாட்டில் காஃபூர்

அரபியில் ‘காஃபூர்’, வடமொழியில் ‘கர்ப்பூரம்’, தமிழில் ‘கற்பூரம்’, மலாயில் ‘காப்பூர்’. நான்கும் ஒரே சொல்லின் உருவங்கள் என்பது வெளிப்படை. மலாய் மொழியில் ‘காப்பூர்’ என்றால் சுண்ணாம்பு என்றும் பொருள். வெண்மையால் வந்த பெயர். பொருள் விளைந்த இடத்திலிருந்தே பெயரும் புறப்பட்டிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

திருக்குர்ஆனின் 76ஆவது அத்தியாயமான அத்தஹ்ர் என்னும் சூராவின் 5ஆவது ஆயத்தில், நல்லடியார்கள் சுவனத்தில் அருந்தும் கிண்ணத்தின் கலவையாகக் காஃபூர் கூறப்படுகிறது. அது சுவனத்து ஊற்று ஒன்றின் பெயர் என்று விரிவுரையாளர் சிலரும், கற்பூரத்தின் குளிர்ச்சியும் நறுமணமும் குறிக்கப்படுகின்றன என்று வேறு சிலரும் விளக்கியுள்ளனர். எவ்வாறாயினும், மக்காவில் இச்சொல் அறியப்பட்ட சொல்லாகவே இருந்திருக்கிறது.

அறியப்பட்டிருந்தாலும் எல்லா அரபியர்களும் அப்பொருளைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். இதற்குச் சுவையான சான்று ஒன்றுண்டு. ஹிஜ்ரி 16இல், அதாவது கி.பி. 637இல், ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் தலைமையில் முஸ்லிம்கள் பாரசீகத் தலைநகரான மதாயினைக் கைப்பற்றினர். அங்குக் கிடைத்த கற்பூரத்தைப் படை வீரர்கள் உப்பு என்று எண்ணி மாவில் இட்டுப் பிசைந்துவிட்டனர்; ரொட்டி கசந்த பின்புதான் உண்மை தெரிந்தது என்று வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்துள்ளார். பொன்னுக்கு நிகரான பொருள் அன்று ரொட்டியில் போயிற்று! பாலைவனத்தின் எளிய மக்கள் அரண்மனைப் பண்டத்தை முதன்முதலாகக் கண்ட காட்சி அது.

இந்த அரிய பொருளை ஜனாஸாவோடு பிணைத்தது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டலாகும். நாயகம் (ஸல்) அவர்களின் மகளார் மறைந்தபோது அவர்களைக் குளிப்பாட்டிய பெண்களுள் ஒருவரான உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. இலந்தை இலை கலந்த நீரால் மூன்று, ஐந்து அல்லது தேவைக்கேற்ப அதற்கும் மேலாக ஒற்றைப்படையாகக் குளிப்பாட்டும்படியும், இறுதி முறையில் கற்பூரம் சிறிது சேர்க்கும்படியும் கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், முடிந்ததும் தமது கீழாடையைக் கொடுத்து மகளாரின் உடலோடு ஒட்ட அணிவிக்கச் சொன்னார்கள் என்பது அதன் கருத்து. மறைந்தவர் ஸைனப் (ரலி) என்று முஸ்லிம் தொகுப்பின் ஓர் அறிவிப்பு கூறுகிறது. அன்று தொடங்கி உலகெங்கும் முஸ்லிம்களின் கடைசிக் குளியலில் கற்பூரம் இடம்பெற்றது. கஃபனிடும்போது நெற்றி, மூக்கு, உள்ளங்கை, முழங்கால், பாதம் என ஸஜ்தாவில் தரையைத் தொட்ட உறுப்புகளில் அதைப் பூசும் வழக்கமும் நிலைபெற்றது. இஹ்ராம் நிலையில் இறந்தவருக்கு மட்டும் நறுமணம் பூசுவதில்லை.

ஏன் கற்பூரம்? ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள் புகாரியின் விரிவுரையில் இதற்கு விடை கூறியுள்ளார்கள். அது மணமூட்டுவதோடு உலர்த்துகிறது, குளிர்விக்கிறது, உடலை இறுகச் செய்கிறது, பூச்சிகளை அண்டவிடாமல் விரைவில் கெடுவதைத் தடுக்கிறது என்பது அவர்களின் விளக்கம். கற்பூரத்துக்குப் பதில் கஸ்தூரி போன்ற வேறு நறுமணம் போதுமா என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்புகிறார்கள். மணம் மட்டுமே நோக்கம் என்றால் போதும். மற்ற குணங்களும் நோக்கம் என்றால் அவ்வாறு சொல்ல இயலாது என்று ஆராய்கிறார்கள். இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிற்பகுதியில் இதற்குத் திரும்புவோம்.

பன்சூர் என்னும் பாருஸ்

தேவை பெருகியதும் வணிகர்கள் மூலத்தைத் தேடிச் சென்றனர். கி.பி. 851இல் எழுதப்பட்ட அரபு வணிகர் நூலான ‘அக்பாருஸ் ஸீன் வல்ஹிந்த்’, சுமத்ராவைப் பற்றிக் கூறும்போது பன்சூர் என்ற இடத்தையும் அங்குக் கிடைக்கும் உயர்தரக் கற்பூரத்தையும் குறிப்பிடுகிறது. அதே நூற்றாண்டின் இப்னு குர்தாத்பிஹ், ஒரு கற்பூர மரத்தின் நிழலில் நூறு பேர் தங்கலாம் என்று எழுதினார். மஸ்ஊதி, இடியும் நிலநடுக்கமும் மிகுந்த ஆண்டில் கற்பூரம் அதிகம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டதைப் பதிந்தார். 1292ஐ ஒட்டிச் சுமத்ராவில் பருவக்காற்றுக்காக ஐந்து மாதம் காத்திருந்த மார்க்கோ போலோ, பன்சூர்க் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றது என்கிறார்.

நம்மவர்களுக்கு நன்கு அறிமுகமான இப்னு பதூதா, 14ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமத்ராவின் சமுத்ரா நாட்டில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றிய சுல்தானின் விருந்தினராகத் தங்கியவர். ஆனால் கற்பூர விஷயத்தில் அவர் சறுக்கிவிட்டார்! அது மூங்கிலைப் போன்ற ஒரு தண்டின் கணுக்களுக்குள் விளைகிறது என்றும், வேரடியில் ஓர் உயிரைப் பலியிட்டாலன்றி உருவாகாது என்றும் எழுதியுள்ளார். அவர் மரத்தைப் பார்க்கவில்லை, சந்தையில் கதை கேட்டிருக்கிறார் என்பது தெளிவு. நேரில் கண்டதையும் செவிவழி கேட்டதையும் ஒரே நடையில் எழுதிச் செல்வது அந்தப் பெரும் பயணியின் பழக்கம். படிப்பவரே பிரித்தறிய வேண்டும்.

அரபியர் பன்சூர் என்றதும், தமிழர் ‘வாரோசு’ என்றதும் இன்று ‘பாருஸ்’ எனப்படும் ஊரையே குறிக்கும். சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில், இந்தோனேசியாவின் வட சுமத்ரா மாகாணத்தில் அது இருக்கிறது. இன்று சிற்றூர். மலாய் மொழியின் முதல் பெரும் சூஃபிக் கவிஞரான ஹம்ஸா பன்சூரியின் பெயரில் ஒட்டி நிற்பது இந்த ஊரின் பெயர்தான்.

அங்குள்ள மஹ்லிகாய், பாப்பான் திங்கி என்னும் பழைய அடக்கத்தலங்கள் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்ற நம்பிக்கை அப்பகுதி மக்களிடையே வலுவாக உள்ளது. 2017 மார்ச்சில் அன்றைய இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோ பாருஸில், அந்நாட்டுக்கு இஸ்லாம் வந்த தொடக்க இடம் என்பதைக் குறிக்கும் நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். எனினும் மீசான் கல்லெழுத்துகளை ஆராய்ந்தோர் அவற்றை 14ஆம் நூற்றாண்டை ஒட்டியும் அதற்குப் பின்னும் வைக்கின்றனர். கல்லைப் படித்தவர் சொல்வதையே ஏற்கத் தோன்றுகிறது. அதனால் ஊரின் பெருமை குறைந்துவிடாது. அரபுக் கப்பல்கள் அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்குச் சென்று வந்ததற்கு வேறு சான்றுகள் உள்ளன.

வாரோசுவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு

பாருஸுக்கு அருகில் லோபு துவா என்ற சிற்றூரில் 1873ஆம் ஆண்டு உடைந்த கல்தூண் ஒன்று டச்சுக்காரர்களின் கவனத்துக்கு வந்தது. அதில் இருந்த எழுத்து தமிழ்! பின்னர் அது பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1932இல் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அதன் வாசகத்தை ஆராய்ந்து வெளியிட்டார். அண்மைக் காலத்தில் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு மீண்டும் படித்து விளக்கினார்.

கல்வெட்டின் ஆண்டு சக வருடம் 1010, மாசி மாதம், அதாவது கி.பி. 1088. முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் வட சுமத்ராவின் இலாமுரி தேசம் உள்ளிட்ட இடங்களைத் தாக்கி அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்த காலம் அது. ஆயினும் இக்கல்லை நாட்டியது அரசனின் படையன்று. ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்ற பெரும் வணிகக் குழு. வாரோசுவில் தமக்கென அமைந்த பட்டினத்தில் கூடி, அங்கு வரும் கப்பலின் தலைவரும் அதனைச் சேர்ந்தோரும் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்திய பின்னரே உள்ளே அடி வைக்க வேண்டும் என்று அவர்கள் விதித்துள்ளனர். அந்நிய மண்ணில், தம் மொழியில், தம் கணக்கில் வரி விதித்துக் கல் நாட்டும் அளவுக்கு அவர்கள் அங்கு ஊன்றியிருந்தனர்.

எதற்காக அங்கு ஊன்றினர்? மலைகளும் காடும் அலைமோதும் கரையும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த மேற்குக் கரைக்கு ஒரு வணிகக் குழுவை இழுத்தவை காட்டில் இருந்த கற்பூரமும் சாம்பிராணியுமே. அங்கிருந்து வந்த சரக்கு தமிழகத்தில் ஊரின் பெயரைக் கொண்டே வழங்கியது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளைப் பட்டியலிடும்போது இவ்வூரின் பெயரைத் தாங்கிய வகையையும் சொல்கிறார். (சாம்பிராணியும் சுமத்ராவின் மரப் பிசினே. அரபியர் அதை ‘லுபான் ஜாவீ’ என்றனர். நம் அலமாரியில் கற்பூரத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே காட்டு உறவுதான்!)

1995 முதல் பிரெஞ்சு அறிஞர் குளோத் கியோவின் குழு இந்தோனேசிய ஆய்வாளர்களுடன் லோபு துவாவில் அகழாய்வு நடத்தியது. சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, தென்னிந்தியப் பானை ஓடுகள் ஆகியன ஒரே மண்ணில் கிடைத்தன. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 11ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அந்தக் குடியிருப்பு திடீரெனக் கைவிடப்பட்டிருக்கிறது. கடலிலிருந்து வந்த பூதங்கள் ஊரை அழித்தன என்று அப்பகுதியின் வாய்மொழிக் கதை கூறுகிறது. வந்தவர் யாராயினும் வணிகம் பாருஸை விட்டுப் போய்விடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவிலிருந்து எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ், பாருஸுக்கு வரும் வணிகருள் குஜராத்திகள், பாரசீகர், அரபியர், வங்காளியர் ஆகியோருடன் ‘கெலிங்’ மக்களையும் சேர்க்கிறார். மலாய் நாட்டார் நம் சோழமண்டலக் கரையோரை அழைத்த பெயர் அது. அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், நாகூர் முதலிய துறைகளிலிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா என்று சென்று திரும்பின. அந்த வழியை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தங்களுக்கு முன் சென்ற ஐந்நூற்றுவரின் வழியில் சென்றனர்.

சுமத்ராவின் கரோ பத்தாக் மக்களிடையே செம்பிரிங் என்றொரு குலம் உண்டு. அதன் கிளைகளுக்குச் சோலியா, பாண்டியா, மெலியாலா என்று பெயர். சோழர், பாண்டியர், மலையாளர் என்று நாம் எளிதில் இனங்கண்டுகொள்ளலாம். போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை.

காட்டில் பேசிய தனி மொழி

பன்சூரின் கற்பூரத்தை விற்றவர் பலர். ஆனால் அதைக் காட்டுக்குள் சென்று தேடியவர் யார் என்று பழைய நூல்கள் பெரும்பாலும் கூறுவதில்லை. அவர்கள் சுமத்ராவில் பத்தாக் முதலிய மலைவாழ் மக்களும், மலாய்த் தீபகற்பத்தில் ஜாக்குன் என்ற பழங்குடியினரும் ஆவர். ஜொகூர் நாட்டு ஜாக்குன்களின் கற்பூர வேட்டையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் சிலர் கண்டு எழுதினர். அதிலிருந்தே நமக்குச் சில செய்திகள் கிடைக்கின்றன.

கற்பூரம் தேடிக் காட்டுக்குள் நுழைந்தவர்கள் அன்றாட மலாய் மொழியைப் பேசமாட்டார்கள். அதற்கென்றே ‘கற்பூர மொழி’ என ஒரு தனி மொழி வைத்திருந்தனர். அரிசியை அரிசி என்று சொல்லலாகாது, ‘புல்லின் பழம்’ எனல் வேண்டும், துப்பாக்கி ‘தொலைவில் ஒலிப்பது’, பன்றி ‘குட்டைக் காலன்’, தலைமயிர் ‘இலை’. மரத்துக்கு ஒரு காவல் தெய்வம் உண்டென்றும், மனிதர் வந்திருப்பது அதற்குத் தெரிந்துவிட்டால் படிகத்தை மறைத்துவிடும் என்றும் அவர்கள் நம்பினர். இரவில் சில்வண்டு போன்ற ஒரு குரல் கேட்டால், அருகே கற்பூர மரம் இருப்பதன் அடையாளம் என்று மகிழ்ந்தனர்.

இந்த நம்பிக்கைகளை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அவற்றின் பின்னால் உள்ள வாழ்க்கையை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். வாரக்கணக்கில் ஈரக் காட்டில் அலைந்து, மரம் மரமாக வெட்டிப் பார்த்து, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பும் தொழில் அது. எதில் இருக்கும் என்று அறிய வழியில்லாத இடத்தில்தான் இவ்வளவு விதிகள் தோன்றின. பாக்தாதின் கலீஃபா மாளிகையில் மணந்த கற்பூரமும், நம் ஊர்க் கபுருஸ்தானில் அடங்கிய முன்னோரின் கஃபனில் தூவிய கற்பூரமும் இவ்வாறு பெயர் தெரியாத ஒருவர் பிளந்த மரத்திலிருந்து வந்திருக்கக்கூடும்.

மரம் போயிற்று, பெயர் நின்றது

விலை உயர்ந்த பொருளுக்கு மாற்றுப் பொருளைத் தேடுவது வணிகத்தின் இயல்பு. சீன மரத்தை வடிக்கும் முறை பெருகியதும் மலிவான கற்பூரம் உலகை நிறைத்தது. 1870ஐ ஒட்டிக் கற்பூரத்திலிருந்து செல்லுலாய்டு என்ற பொருள் செய்யப்பட்டபோது தேவை பன்மடங்காயிற்று. சீப்பும் பொம்மையும் திரைப்படச் சுருளும் அதிலிருந்தே உருவாயின. தைவானைப் பிடித்த ஜப்பான் அரசு 1899இல் அந்நாட்டுக் கற்பூரத்தைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. அதற்கு எதிராக ஐரோப்பியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பைன் மரத்திலிருந்து கிடைக்கும் டர்பன்டைனைக் கொண்டு தொழிற்சாலையிலேயே கற்பூரம் செய்யக் கற்றனர். இன்று நம் கடைகளில் வில்லையாக விற்கும் கற்பூரம் பெரும்பாலும் இந்த வகைதான். காட்டு மரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்படிகத்துக்குத் தேவை குறைந்ததால் காப்பூர் மரம் தப்பியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 20ஆம் நூற்றாண்டில் கட்டைக்காக வெட்டப்பட்டது. தாழ்நிலக் காடுகள் அழிக்கப்பட்டு எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் ஆயின. பாருஸுக்கே உரிய மரத்தைப் பாருஸைச் சுற்றித் தேடித்தான் காண வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இதில் வருத்தத்துக்குரிய வேடிக்கை ஒன்றுண்டு. இந்தோனேசியாவில் இன்று கடைக்குச் சென்று ‘காப்பூர் பாருஸ்’ கேட்டால், அலமாரித் துணிகளுக்கிடையே போடும் நாஃப்தலீன் உருண்டையைத் தருவார்கள். ஒரு காலத்தில் பொன்னுக்கு நிகராக விற்ற பொருளின் முழுப் பெயரும், நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் பூச்சி உருண்டைக்குப் போய்விட்டது.

இப்போது முன்பு குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். நம் அலமாரியில் உள்ள கற்பூரம், உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் கையிலெடுத்த காஃபூர்தானா? மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களுக்கு உரியது. யான் கூறுவது வரலாற்றைப் படித்தவனின் கருத்து மட்டுமே. ஹதீஸில் குறிப்பிட்ட மரமோ ஊரோ கூறப்படவில்லை. இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டிய மணமும் குளிர்ச்சியும் பூச்சியை விரட்டும் தன்மையும் தொழிற்சாலைக் கற்பூரத்திலும் உள்ளன. ஆகவே அதைப் பயன்படுத்துவதில் குறை காண யான் துணியமாட்டேன். நாஃப்தலீன் உருண்டையின் செய்தி வேறு. பூச்சியை அது விரட்டும், ஆனால் அது கற்பூரமன்று, வாசனைப் பொருளுமன்று. வெண்மையாக இருப்பதாலும் கற்பூரத்தோடு ஒரே கடையில் விற்பதாலும் அவசரத்தில் மாற்றி வாங்கிவிட வாய்ப்புண்டு. ஜனாஸாப் பொருள் வாங்கும் பொறுப்பிலுள்ள சகோதரர்கள் பொட்டலத்தின் மேலுள்ளதைப் படித்து வாங்குதல் நலம்.

வீட்டில் உள்ளோருக்கும் ஒரு வார்த்தை. பச்சிளங் குழந்தைகளின் துணிகளை நாஃப்தலீன் உருண்டை இட்ட பெட்டியில் வைத்து அப்படியே எடுத்து உடுத்தலாகாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதனால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை ஏற்படும் என்பது மருத்துவர் நன்கறிந்த உண்மை. கற்பூரமும் பழைய காலத்து உணவுப் பொருள் என்று எண்ணி வில்லைக் கற்பூரத்தைக் குழந்தைகள் வாயில் வைக்க விடலாகாது. விழுங்கினால் வலிப்பு வரும். பன்சூர்ப் படிகத்துக்கு முன்னோர் எழுதி வைத்த மருத்துவக் குறிப்புகள் கடை வில்லைக்குப் பொருந்தமாட்டா.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்தோர் பலர் மலேசியாவில் தொழில் செய்கின்றனர். விடுமுறை நாளில் அவர்கள் காப்பூர் மரத்தைக் காண விரும்பினால் கோலாலம்பூரை அடுத்த கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லலாம். தகரச் சுரங்கத்தால் பாழ்பட்டிருந்த நிலத்தில் சென்ற நூற்றாண்டில் மரம் நட்டு உண்டாக்கிய காடு அது. 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. அங்குக் காப்பூர் மரங்கள் கூட்டமாக ஓங்கி நிற்கின்றன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தின் உச்சியைத் தொடாமல், இடையே ஒரு கை அகலத்துக்கு வானம் வாய்க்கால்போல் ஓடுவதைக் காணலாம். ஒரு மரத்தின் கிளை மற்றதன் கிளையை உரசாமல் விலகி வளர்வது இம்மரத்தின் இயல்பாம். கீழே உதிர்ந்து கிடக்கும் இலை ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்தால், நம் பள்ளிவாசல் அலமாரியைத் திறக்கும்போது வரும் வாடை நினைவுக்கு வரும்.